செயலிச் சமன்பாட்டைத் தீர்ப்பது எப்படி: நேர்மாறைத் தேடும் முன் வீச்சகத்தைப் பாருங்கள்

காட்பாடியில் நான் நடத்தும் மாலை வகுப்புக்கு வரும் முதுகலைக் கணித மாணவர் ஒருவர், சென்ற பருவத்தில் ஒரு தொகையீட்டுச் சமன்பாட்டைக் கணினியில் தீர்த்து எடுத்து வந்தார். சமன்பாட்டின் வலப்பக்கத்தில் இருந்தது வெறும் 1. அவருக்குக் கிடைத்த விடையோ 1 + 1500ச (ச என்பது மாறி). "சார், இந்த ஆயிரத்து ஐந்நூறு எங்கேர்ந்து வந்துச்சுன்னே தெரியல" என்று நோட்டை நீட்டினார். இரண்டு பக்கம் புரட்டியதும் காரணம் தெரிந்துவிட்டது. 1/3 என்று இருக்க வேண்டிய இடத்தில் 0.333 என்று தட்டியிருந்தார். அதைத் திருத்தச் சொன்னதும் கணினி விடையே தர மறுத்து, பூச்சியத்தால் வகுக்கச் சொல்கிறாய் என்று நின்றுவிட்டது. மாணவருக்குக் குழப்பம் இரட்டிப்பாயிற்று: தப்பாகப் போட்டால் விடை வருகிறது, சரியாகப் போட்டால் வருவதில்லை.

இந்தக் குழப்பம் அவர் ஒருவருக்கு மட்டும் வருவதன்று. ஃபங்ஷனல் அனாலிசிஸ் தாளில் செயலி (ஆப்பரேட்டர்; ஒரு வெக்டரையோ சார்பையோ இன்னொன்றாக மாற்றும் விதி) வரும் சமன்பாடு என்றதும், பன்னிரண்டாம் வகுப்பில் அணிகளுக்குச் செய்த பழக்கத்தில், எல்லோரும் நேர்மாறைத் தேடிக் கிளம்பிவிடுகிறார்கள். நேர்மாறு இல்லாத இடத்தில் 'பொதுமை நேர்மாறு' என்ற ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டதும், பென்ரோஸின் நான்கு நிபந்தனைகளை மனப்பாடம் செய்கிறார்கள். இரண்டுக்கும் முன்பாகச் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது: செயலியின் வீச்சகம் எது, தரப்பட்ட வலப்பக்கம் அதில் இருக்கிறதா, அந்த வீச்சகம் மூடியதா (தன் விளிம்புப் புள்ளிகளையும் உள்ளடக்கியதா) என்று பார்ப்பது. அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

குறியீடுகளை முதலில் சொல்லிவிடுகிறேன். 'செ' என்பது ஒரு ஹில்பர்ட் வெளியிலிருந்து (உட்பெருக்கத்தால் நீளமும் செங்குத்தும் அளக்கக்கூடிய முழுமையான வெளி) இன்னொரு ஹில்பர்ட் வெளிக்குச் செல்லும் வரம்புள்ள (நீளத்தை ஒரு குறிப்பிட்ட மடங்குக்கு மேல் பெருக்காத) நேரியல் செயலி. 'க' என்பது காண வேண்டியது, 'த' என்பது கையில் உள்ள தரவு. சமன்பாடு: செ(க) = த. செ எவற்றையெல்லாம் பூச்சியமாக்குகிறதோ அவற்றின் தொகுப்பு சூனிய வெளி. செ எட்டக்கூடியவற்றின் தொகுப்பு வீச்சகம். உட்பெருக்கத்தில் செயலியை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகர்த்தும்போது கிடைப்பது சேர்ப்புச் செயலி. அதைச் செ* என்று எழுதுகிறேன். பள்ளியில் அணிக்கோவையால் வகுத்து நேர்மாறு காணப் பயன்படுத்திய 'சேர்ப்பு அணி'க்கும் இதற்கும் பெயர் மட்டுமே ஒன்று. மெய்யெண் அணிகளுக்குச் செ* என்பது நிரைகளையும் நிரல்களையும் மாற்றிப்போட்ட அணி, அவ்வளவே. இந்தப் பெயர்க் குழப்பத்தால் மதிப்பெண் இழந்தவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

இரண்டு மூட்டைக் கத்திரிக்காய்

கருத்து முழுவதையும் இரண்டு சிறு செயலிகளில் காட்டிவிடலாம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் வேலூர் முள்ளுக் கத்திரிக்காய் ஒரு கூடை இருப்பதாகக் கொள்ளுங்கள். அதே கூடையை இரண்டு தராசுகளில் நிறுத்தால் ஒன்று 5.0 கிலோ என்றும் மற்றொன்று 5.2 கிலோ என்றும் காட்டுகிறது. இங்கே தெரியாதது ஒரே எண். செயலி அந்த எண்ணை (க, க) என்ற இணையாக மாற்றுகிறது. அதன் வீச்சகம், தளத்தில் இரு கூறுகளும் சமமாக உள்ள ஒரு கோடு. நம் தரவு (5.0, 5.2) அந்தக் கோட்டில் இல்லை, ஆகவே சமன்பாட்டுக்குத் தீர்வு கிடையாது. ஆனால் தரவுப் புள்ளியிலிருந்து அந்தக் கோட்டுக்கு ஒரு செங்குத்து வரைந்தால் அது (5.1, 5.1) என்ற புள்ளியில் விழும். விடை 5.1 கிலோ, அதாவது சராசரி. மிகச்சிறு வர்க்கத் தீர்வு என்று பெரிய பெயரில் அழைப்பது இதைத்தான்: தரவை வீச்சகத்தின் மேல் செங்குத்தாக வீழ்த்திவிட்டுப் பிறகு தீர்ப்பது.

இனி மறுபக்கம். இரண்டு விவசாயிகளின் காய்களை ஒரே மூட்டையில் கொட்டி நிறுத்ததில் 12 கிலோ என்று வந்தது. அவரவர் காய் எவ்வளவு? செயலி இப்போது (க₁, க₂) என்ற இணையை க₁ + க₂ ஆக்குகிறது. வீச்சகத்தில் குறை ஏதும் இல்லை, எந்த எண்ணையும் எட்டலாம். குறை சூனிய வெளியில் இருக்கிறது: (1, −1) என்ற திசையில் எவ்வளவு நகர்ந்தாலும் கூட்டுத்தொகை மாறாது. எண்ணற்ற தீர்வுகளில் நீளம் மிகக் குறைந்தது (6, 6). சூனிய வெளிக்குச் செங்குத்தாக நிற்கும் ஒரே தீர்வும் அதுவே.

இந்த (6, 6) உண்மையில் நடந்தது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. தராசு சொல்லாத எதையும் நாமாகச் சேர்க்காமல் எழுதிய விடை அது, அவ்வளவுதான். ஒருவர் எப்போதும் மற்றவரைப்போல் இருமடங்கு கொண்டுவருபவர் என்பது தெரிந்தால், நீளத்தை அளக்கும் முறையையே மாற்றிக்கொள்ள வேண்டும். அப்போது விடையும் (8, 4) என்பதுபோல் மாறும். பொதுமை நேர்மாறு உட்பெருக்கத்தைப் பொறுத்தது என்ற செய்தி பாடநூல்களில் ஒரு வரியில் போய்விடுகிறது. நடைமுறையில் பாதிச் சண்டை அங்கேதான்.

இந்த இரண்டு வேலைகளையும் ஒன்றாகச் செய்வதே பொதுமை நேர்மாறு, செ⁺. முதலில் தரவை வீச்சகத்தின் மேல் வீழ்த்து. பிறகு கிடைக்கும் தீர்வுகளில் சூனிய வெளிக்குச் செங்குத்தானதை எடு. முதல் எடுத்துக்காட்டின் செ⁺ இரண்டு எண்களைக் கூட்டிப் பாதியாக்குகிறது. இரண்டாவதன் செ⁺ ஓர் எண்ணைப் பாதியாக்கி இருவருக்கும் கொடுக்கிறது. அந்த இரண்டு செயலிகளும் ஒன்றுக்கொன்று சேர்ப்புச் செயலிகள் என்பதைக் கவனித்தால், அவற்றின் பொதுமை நேர்மாறுகளும் அப்படியே ஒன்றுக்கொன்று சேர்ப்பாக அமைந்திருப்பது தெரியும்.

வரலாறு சுருக்கமாக. தொகையீட்டுச் செயலிகளுக்கு இத்தகைய போலி நேர்மாறு 1903இல் ஃபிரெட்ஹோமின் கட்டுரையிலேயே தலைகாட்டியது. அணிகளுக்கு மூர் 1920இல் சொன்னார். அவருடைய குறியீடு கடினமாக இருந்ததால் பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. 1951இல் ஸ்வீடன் நாட்டு நிலஅளவையியலர் பியெர்ஹாமர், அளவீடுகள் தேவைக்கு மேல் இருக்கும் நிலஅளவைக் கணக்குகளுக்காக இதே பொருளை மறுபடி கண்டெடுத்தார். 1955இல் பென்ரோஸ் அதை நான்கு சமன்பாடுகளில் அடக்கினார். கருந்துளை ஆய்வுக்காக 2020இல் நோபல் பரிசு பெற்றவர் இவரே. நம் நாட்டில் சி. ஆர். ராவ் இதைப் புள்ளியியலுக்குக் கொண்டுவந்து, 1971இல் மித்ராவுடன் சேர்ந்து முழுநூலாகவே எழுதினார்.

அந்த நான்கு சமன்பாடுகள் இவை: செ·செ⁺·செ = செ; செ⁺·செ·செ⁺ = செ⁺; செ·செ⁺ தன் சேர்ப்புக்குச் சமம்; செ⁺·செ தன் சேர்ப்புக்குச் சமம். இவற்றிலிருந்து தொடங்குவது மாணவருக்கு நல்லதன்று என்பது என் கருத்து. மேலே சொன்ன வடிவியல் புரிந்த பிறகு, கடைசி இரண்டும் "இந்த வீழல்கள் செங்குத்தானவை" என்று மட்டுமே சொல்கின்றன என்பது தெரியும். நான்கும் ஒரு சரிபார்ப்புப் பட்டியலாக மிகவும் பயன்படும்.

அந்த 1500 எங்கிருந்து வந்தது

மாணவர் கொண்டுவந்த சமன்பாட்டுக்குத் திரும்புவோம். 0 முதல் 1 வரையிலான இடைவெளியில் வர்க்கத் தொகையீடு முடிவுள்ள சார்புகளின் வெளி, சமன்பாடு

க(ச) − ல · ச · ந = த(ச).

இங்கே ந என்பது ட·க(ட) என்பதன் 0 முதல் 1 வரையிலான தொகையீடு. ல ஒரு மாறிலி. தொகையீட்டின் உட்கரு (உள்ளே க(ட)-வைப் பெருக்கி நிற்கும் சார்பு) ச·ட என்று பிரிந்து நிற்பதால், முடிவிலாப் பரிமாணச் சிக்கல் ஓர் எண்ணைக் கண்டுபிடிப்பதாகச் சுருங்கிவிடுகிறது. இவ்வகைச் சமன்பாடுகளை எதிர்கொள்ளும்போதெல்லாம் முதலில் செய்ய வேண்டியது இதுவே: தொகையீட்டுக்கு ந என்று பெயர் வைத்து, க(ச) = த(ச) + ல·ந·ச என்று எழுதி, இரு பக்கங்களையும் ச-ஆல் பெருக்கித் தொகையிடுவது. ச² என்பதன் தொகையீடு 1/3 ஆதலால்,

ந · (1 − ல/3) = ம

என்று வரும், ம என்பது ட·த(ட) என்பதன் தொகையீடு. ல = 2, த = 1 எனில் ம = 1/2, ந = 3/2, விடை 1 + 3ச. இதை மூலச் சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள்: 1 + 3ச − 2ச·(1/2 + 1) = 1. சரியாகிறது.

மாணவரின் வினாவில் ல = 3. அப்போது 1 − ல/3 பூச்சியம். 1/3க்குப் பதில் 0.333 என்று எடுத்தால் அது 0.001 ஆகி, ந = 0.5/0.001 = 500 என்றும், விடை 1 + 3·500·ச என்றும் வந்துவிடுகிறது. ஆயிரத்து ஐந்நூறின் பிறப்பிடம் இதுதான்.

இப்போது வீச்சகத்தைப் பார்ப்போம். ல = 3 என்னும்போது, 3·ச·ந என்ற பகுதி எந்தச் சார்பையும் ச என்ற சார்பின் திசையில் செங்குத்தாக வீழ்த்தும் செயலி. ஆகவே செ என்பது ச-இன் பங்கை நீக்கும் வீழல். அதன் சூனிய வெளி ச-இன் மடங்குகள்; வீச்சகம் ச-க்குச் செங்குத்தான சார்புகள் அனைத்தும், அதாவது ம = 0 ஆகும் சார்புகள். த = 1 என்பதற்கு ம = 1/2; எனவே அது வீச்சகத்தில் இல்லை, துல்லியமான தீர்வும் இல்லை. கணினி நின்றதில் பிழையில்லை.

செங்குத்து வீழலின் பொதுமை நேர்மாறு அதுவேதான். நான்கு சமன்பாடுகளிலும் போட்டால் ஒரு நிமிடத்தில் தெரியும். ஆகவே செ⁺(1) = 1 − (3/2)ச. இதைச் செயலியில் போட்டால் 1 − (3/2)ச என்றே திரும்பி வரும்; தரவிலிருந்து எஞ்சுவது (3/2)ச, அதன் நார்ம் (நீளம்) √3/2, ஏறத்தாழ 0.866.

மாணவரின் தவறான விடையையும் இதே சோதனைக்கு உட்படுத்தினோம். 1 + 1500ச என்பதை உண்மையான செயலியில் போட்டால் 1 + 1500ச − 3ச·500.5, அதாவது 1 − 1.5ச. எச்சம் மறுபடியும் அதே (3/2)ச! அவருடைய விடை ஒரு மிகச்சிறு வர்க்கத் தீர்வுதான், அதற்குமேல் 1501.5ச என்ற சூனிய வெளிச் சுமையைத் தேவையில்லாமல் தூக்கிக்கொண்டு நிற்கிறது. சரியான விடையின் நார்ம் 0.5, அவருடையதன் நார்ம் ஏறத்தாழ 866.9. எச்சத்தை மட்டும் பார்த்து விடையைச் சரிபார்ப்பவருக்கு இந்தப் பிழை ஒருநாளும் பிடிபடாது. எச்சத்தின் நார்மையும் விடையின் நார்மையும் இரண்டையுமே எழுதிவைக்கும் பழக்கத்தை அன்றிலிருந்து வகுப்பில் கட்டாயமாக்கிவிட்டேன்.

இதில் இன்னொரு பாடமும் ஒளிந்திருக்கிறது. மூலைவிட்டத்தில் 1, 0.001 உள்ள அணியின் நேர்மாறில் 1000 என்ற எண் நிற்கும், அந்த 0.001 பூச்சியமானால் பொதுமை நேர்மாறில் அதே இடத்தில் 0 நிற்கும். தரம் (வீச்சகத்தின் பரிமாணம்) மாறும் இடத்தில் பொதுமை நேர்மாறு இப்படித் தாவும். மென்பொருள்கள் பொதுமை நேர்மாறு கணிக்கும்போது, இந்த மதிப்புக்குக் கீழே உள்ளவற்றைப் பூச்சியம் என்று கொள்கிறேன் என ஓர் எல்லையை உள்ளே வைத்திருக்கும். அது என்னவென்று பார்க்காமல் விடையை எடுத்துக்கொள்ளாதீர்கள். சேர்ப்புச் செயலியால் பெருக்கிச் செ*·செ(க) = செ*(த) என்ற இயல்புச் சமன்பாட்டை உண்டாக்கித் தீர்ப்பது தாளில் அழகாக இருந்தாலும், கணினியில் பெருக்கிவிடுவது நல்லதன்று; பிழைபெருக்க எண் 10,000 ஆக இருந்தது 10 கோடியாகிவிடும். கோலப்பும் கஹானும் 1965இல் காட்டிய ஒற்றை மதிப்புப் பிரிப்பு (செங்குத்தான திசைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் செயலி எத்தனை மடங்காக்குகிறது என்று காண்பது; அந்த மடங்குகளே ஒற்றை மதிப்புகள்) வழியே செல்வது பாதுகாப்பானது.

வீச்சகம் மூடியதா என்ற கேள்வி

முடிவுள்ள பரிமாணத்தில் எல்லா உள்வெளிகளும் மூடியவை; அதனால் பன்னிரண்டாம் வகுப்பில் தரங்களை ஒப்பிட்டுத் தீர்வு உண்டா என்று சொல்லும் ரோச்–கபெல்லி தேற்றத்தோடு கதை முடிந்தது. முடிவிலாப் பரிமாணத்தில் புதிய தொல்லை தொடங்குகிறது. வர்க்கங்களின் கூட்டல் முடிவுள்ள தொடர்முறைகளின் வெளியில், முதல் உறுப்பை 1-ஆல், இரண்டாவதை 2-ஆல், மூன்றாவதை 3-ஆல் என்று வகுத்துக்கொண்டே போகும் செயலியை எடுத்துக்கொள்ளுங்கள். சூனிய வெளியில் பூச்சியம் தவிர வேறு எதுவும் இல்லை. தரவு (1, 1/2, 1/3, …) என்றால், உறுப்பு உறுப்பாகப் பார்க்கையில் விடை (1, 1, 1, …). ஆனால் அந்த விடையின் வர்க்கக் கூட்டல் முடிவற்றது. அது நம் வெளியிலேயே இல்லை. முதல் நூறு உறுப்புகளோடு நிறுத்திக்கொண்டால் எச்சம் சிறிதாகிறது, ஆயிரத்தோடு நிறுத்தினால் இன்னும் சிறிதாகிறது, எவ்வளவு வேண்டுமானாலும் சிறிதாக்கலாம். ஆனால் பூச்சியத்தை எட்டும் தீர்வு கிடையாது. கத்திரிக்காய்க் கூடையில் செங்குத்து வரைந்தால் ஓரிடத்தில் விழுந்தது. இங்கே அது விழும் புள்ளி வீச்சகத்தின் விளிம்பில் இருக்கிறது, வீச்சகத்துக்குள் இல்லை.

எனவே சரியான கூற்று இதுதான்: செ⁺ வரையறுக்கப்படுவது, வீச்சகத்தில் உள்ள ஒன்றும் வீச்சகத்துக்குச் செங்குத்தான ஒன்றும் கூடிய தரவுகளுக்கு மட்டுமே. வீச்சகம் மூடியதாக இருந்தால் எல்லாத் தரவுகளும் அப்படிப்பட்டவை, செ⁺ வரம்புள்ளது. மூடியதாக இல்லாவிட்டால் சில தரவுகளுக்குச் செ⁺ கிடையாது. கிடைக்கும் இடத்திலும் அது வரம்பற்றது, அதாவது தரவில் ஒரு துளிப் பிழை விடையில் மலையளவு ஆகலாம்.

மூடியதா என்று சோதிக்கும் வழி: சூனிய வெளிக்குச் செங்குத்தாக உள்ள க-களை மட்டும் எடுத்துக்கொண்டு, செ(க)-வின் நார்ம் எப்போதும் க-வின் நார்மைப்போல் ஒரு குறிப்பிட்ட மடங்குக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பூச்சியத்தைவிடப் பெரிய அப்படியொரு மடங்கு இருந்தால் வீச்சகம் மூடியது. அவற்றுள் மிகப் பெரியதன் தலைகீழே செ⁺-இன் நார்ம். மேலே உள்ள வகுக்கும் செயலியில் நூறாவது அலகு வெக்டர் 1/100 ஆகவும், ஆயிரமாவது 1/1000 ஆகவும் சுருங்குவதால் அத்தகைய மடங்கு கிடையாது. குறுக்குவழி ஒன்றும் உண்டு: செயலி காம்பாக்ட் வகையைச் சேர்ந்து (முடிவுள்ள பரிமாண வீச்சகம் கொண்ட செயலிகளால் எவ்வளவு வேண்டுமானாலும் நெருங்கக்கூடியது), வீச்சகம் முடிவிலாப் பரிமாணம் உடையதாக இருந்தால், அது ஒருநாளும் மூடியதாக இராது. வழவழப்பான உட்கரு கொண்ட முதல்வகைத் தொகையீட்டுச் சமன்பாடுகள் பெரும்பாலும் இதில் அடங்கிவிடும். மாறாக, அலகுச் செயலியிலிருந்து காம்பாக்ட் செயலியைக் கழித்துக் கிடைக்கும் இரண்டாம் வகைச் சமன்பாடுகளில், மேலே பார்த்ததுபோல், வீச்சகம் எப்போதும் மூடியதே. ஆகவே தெரியாத சார்பு தொகையீட்டுக்கு வெளியேயும் நிற்கிறதா என்று பார்த்தாலே பாதி பதில் கிடைத்துவிடும்.

இந்தப் பிழைப்பெருக்கத்தைக் கண்ணால் பார்க்க ஒரு சின்னப் பரிசோதனை. வேலூரிலிருந்து காட்பாடிக்குப் பாலாற்றுப் பாலத்தின் மேல் மணிக்கு 30 கிலோமீட்டர் சீரான வேகத்தில் வண்டி ஓட்டினேன். பின்னால் உட்கார்ந்திருந்த தம்பி மகன், நூறு மீட்டருக்கு ஒருமுறை மட்டுமே எண் மாறும் தூரமானியை 6 விநாடிக்கு ஒருமுறை படித்து எழுதினான். அந்த வேகத்தில் நூறு மீட்டர் கடக்க 12 விநாடி ஆகும். ஆகவே தாளில் கிடைத்தது: ஒரு முறை எண் மாறவில்லை, அடுத்த முறை நூறு மீட்டர், மறுபடி மாறவில்லை, மறுபடி நூறு. அதிலிருந்து வேகம் கண்டால் 0, 60, 0, 60. "பெரியப்பா, நாம நின்னு நின்னு போனோமா?" என்று கேட்டான். அதே தாளில் நிமிடத்துக்கு ஒரு பதிவை மட்டும் வைத்துக்கொண்டால் 500 மீட்டர் என்று வந்து, வேகம் 30 என்று சரியாகிவிடுகிறது.

வேகத்திலிருந்து தூரம் காண்பது தொகையீடு. தூரத்திலிருந்து வேகம் காண்பது அதன் நேர்மாறு, அதாவது வகையிடல். 0 முதல் 1 வரையிலான இடைவெளியில் அந்தத் தொகையீட்டுச் செயலியின் ஒற்றை மதிப்புகள் 2/π, 2/(3π), 2/(5π) என்று பூச்சியத்தை நோக்கி இறங்குவதால் அதன் வீச்சகம் மூடியதன்று. அலைவு கூடக்கூட வகுக்கும் எண் சிறிதாகி, பிழை பெருகுகிறது. பதிவுகளைக் குறைத்ததும் விடை தெளிந்தது என்பதைக் கவனியுங்கள். அதிகத் தரவு என்றால் நல்ல விடை என்ற நம்பிக்கை இவ்வகைச் சமன்பாடுகளில் செல்லாது.

வீச்சகம் மூடாதபோது செய்ய வேண்டியது

1963இல் டிகோனோவ் காட்டிய வழியே இன்றும் பெரும்பாலோரின் முதல் தெரிவு. எச்சத்தின் நார்ம் வர்க்கத்தை மட்டும் சிறிதாக்காமல், அதனோடு ஆல்ஃபா மடங்கு விடையின் நார்ம் வர்க்கத்தையும் கூட்டிச் சிறிதாக்குவது. 1 + 1500ச போன்ற பூதங்கள் அந்த இரண்டாம் உறுப்பில் மாட்டிக்கொள்ளும். செயலி மொழியில், செ*·செ + ஆல்ஃபா·ஒ என்பதன் நேர்மாறைச் செ*(த)-வின் மேல் செலுத்துவது. ஒ என்பது அலகுச் செயலி. ஆல்ஃபா பூச்சியத்தைவிடப் பெரியதாக இருக்கும்வரை இந்த நேர்மாறு எப்போதும் உண்டு, வரம்புள்ளது.

வகுக்கும் செயலியில் இது என்ன செய்கிறது என்று எண்களில் பாருங்கள். நேர்மாறு 1, 10, 100, 1000 ஆகிய இடங்களில் உள்ள உறுப்புகளை முறையே 1, 10, 100, 1000 மடங்காக்கும். ஆல்ஃபா = 0.0001 என்று வைத்தால் அந்த மடங்குகள் முறையே ஏறத்தாழ 1, 9.9, 50, 9.9 ஆகின்றன. தொடக்க உறுப்புகள் கிட்டத்தட்டத் தொடப்படவில்லை. நம்பத்தகாத தொலைதூர உறுப்புகள் அடக்கப்பட்டுவிட்டன. 50க்கு மேல் எந்த உறுப்பும் பெருகாது, ஏனெனில் மடங்கின் உச்சம் எப்போதும் 1/(2√ஆல்ஃபா).

ஆல்ஃபாவை எவ்வளவு வைப்பது என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. தரவுப் பிழையின் அளவு டெல்டா என்று தெரிந்திருந்தால், மோரோசோவ் 1966இல் சொன்ன விதியைக் கைக்கொள்ளலாம்: எச்சத்தின் நார்ம் டெல்டா அளவுக்கு வரும்வரை ஆல்ஃபாவைக் குறைத்து, அங்கே நிறுத்துங்கள். தரவே அவ்வளவு தவறாக இருக்கும்போது, அதைவிட நெருக்கமாகப் பொருத்துவது பிழைக்குச் சட்டை தைப்பதுபோல் ஆகும். டெல்டா தெரியாமலேயே ஆல்ஃபாவைத் தேர்ந்தெடுக்கும் முறைகளும் உண்டு, பல நேரங்களில் நன்றாகவே வேலை செய்கின்றன. ஆயினும் டெல்டாவைப் பயன்படுத்தாத எந்த விதியும் எல்லாத் தரவுகளுக்கும் சரியான விடையை நெருங்கும் என்று உறுதியளிக்க முடியாது என்பதை 1984இல் பகுஷின்ஸ்கி நிறுவிவிட்டார். ஆகவே அளவீடு செய்தவரிடம் சென்று பிழை எவ்வளவு என்று கேட்டறிவதும் கணக்கின் ஒரு படிதான்.

தெரியாதது ஒரு செயலியாகவே இருந்தால்

தேர்வுகளில் இது அடிக்கடி வருவதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ப·வ = ம என்ற சமன்பாட்டில் ப, ம தரப்பட்ட செயலிகள்; வ தெரியாதது. 1966இல் டக்ளஸ் நிறுவியபடி, ம-இன் வீச்சகம் ப-இன் வீச்சகத்துக்குள் அடங்கினால், அடங்கினால் மட்டுமே, வரம்புள்ள தீர்வு உண்டு. இங்கும் பதில் வீச்சகத்தில்தான் இருக்கிறது. ப-இன் வீச்சகம் மூடியதாக இராவிட்டாலும் இது செல்லும் என்பது இதன் சிறப்பு. ப·வ·ர = ம என்று இரு பக்கமும் செயலிகள் இருந்து, ப, ர இரண்டின் வீச்சகங்களும் மூடியவை என்றால், ப·ப⁺·ம·ர⁺·ர = ம ஆகிறதா என்று சோதியுங்கள். அப்படி ஆகிறது என்றால் எல்லாத் தீர்வுகளும் ப⁺·ம·ர⁺ + ஃ − ப⁺·ப·ஃ·ர·ர⁺ என்ற வடிவில் கிடைக்கும்; ஃ என்பது நம் விருப்பப்படி எடுத்துக்கொள்ளும் எந்தச் செயலியும்.

இவ்விடத்தில் பெருக்கலின் நேர்மாறைத் திருப்பி எழுதும் பழைய பழக்கம் கவிழ்த்துவிடும். மூட்டைக் கணக்கின் கூட்டல் செயலியை எடுத்து, ஓர் எண்ணை (க, 0) ஆக்கும் செயலிக்குப் பின் அதைச் செலுத்துங்கள். இரண்டும் சேர்ந்தது அலகுச் செயலி. அதன் பொதுமை நேர்மாறு 1. தனித்தனிப் பொதுமை நேர்மாறுகளைத் திருப்பிப் பெருக்கினால் வருவதோ 1/2.

நீளம் மட்டும் இருந்து உட்பெருக்கம் இல்லாத பனாக் வெளிகளில் செங்குத்து என்பதே இல்லாததால், சூனிய வெளிக்கும் வீச்சகத்துக்கும் மூடிய நிரப்பு வெளிகள் உண்டா என்று முதலில் பார்த்தாக வேண்டும். பூச்சியத்தை நெருங்கும் தொடர்முறைகளின் வெளிக்கு, வரம்புள்ள தொடர்முறைகளின் வெளியில் அப்படி நிரப்பு இல்லை என்று 1940இலேயே ஃபிலிப்ஸ் காட்டியிருக்கிறார். ஹில்பர்ட் வெளிப் பழக்கத்தில் அங்கே நுழைய வேண்டாம்.

காவலூரில் இதே கணக்கு

பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்து, 2019 பிரிவினைக்குப் பின் திருப்பத்தூர் மாவட்டத்தில் சேர்ந்த காவலூரில், சவ்வாது மலைமேல் வைணு பாப்பு ஆய்வகம் இருக்கிறது. 1986இல் திறக்கப்பட்ட அதன் பெரிய தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர் விட்டமுடையது. ராமானுஜன் பெயரைத் தாங்கும் சிறுகோள் 1988இல் கண்டுபிடிக்கப்பட்டதும் இந்த மலையிலிருந்துதான் என்பதைக் கணிதம் படிப்பவர்களிடம் சொல்லாமல் விட மனம் வருவதில்லை.

விண்மீன் ஒரு புள்ளி; ஆனால் காற்றின் கொந்தளிப்பைக் கடந்து வரும் ஒளி படத்தில் ஒரு திட்டாக விழுகிறது. எடுத்த படம் = பரப்பும் செயலி(உண்மை வானம்) + பிழை. ஒரு விண்மீனின் திட்டைப் பார்த்தே பரப்பும் செயலியின் உட்கருவைத் தெரிந்துகொள்ளலாம். படத்தை அதிர்வெண்களாகப் பிரித்துப் பார்க்கும் ஃபூரியர் மாற்றில் இது வெறும் பெருக்கலாகிவிடுவதால், நேர்மாறு என்பது வகுத்தல். ஆனால் நுண்விவரங்களைத் தாங்கும் உயர் அதிர்வெண்களில் வகுக்கும் எண் பூச்சியத்தை ஒட்டி நிற்கிறது, வீச்சகம் மூடியதன்று, நேராக வகுத்தால் படம் முழுவதும் புழுதி பறக்கும். 1990இல் ஏவப்பட்ட ஹபிள் தொலைநோக்கியின் ஆடிக் குறை 1993இல் சரிசெய்யப்படும்வரை வானியலர் இவ்வகை மீட்புக் கணக்குகளை நம்பித்தான் ஓட்டினார்கள்.

இத்தகைய பெரிய படங்களில் அணியை எழுதித் தீர்ப்பது இயலாத வேலை. ஆகவே 1951இல் லேண்ட்வெபர் சொன்ன சுழற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். வெற்றுப் படத்தில் தொடங்கி, ஒவ்வொரு சுற்றிலும் இப்போதைய எச்சத்தைச் சேர்ப்புச் செயலி வழியே அனுப்பி, ஒரு சிறு மடங்காக்கி, விடையோடு கூட்ட வேண்டும். மடங்கு பூச்சியத்தைவிடப் பெரியதாகவும், 2-ஐச் செயலியின் நார்ம் வர்க்கத்தால் வகுத்துக் கிடைப்பதைவிடச் சிறியதாகவும் இருக்கட்டும். முதற்சில சுற்றுகளில் பெரிய ஒற்றை மதிப்புகளுக்குரிய பகுதிகள் திரும்பி வரும். நுண்ணியவை மெல்ல மெல்லப் பின்தொடரும். இங்கே ஆல்ஃபாவின் வேலையைச் சுற்றுகளின் எண்ணிக்கையே செய்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் எச்சத்தின் நார்மையும் விடையின் நார்மையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவாருங்கள். எச்சம் டெல்டாவைத் தொட்ட சுற்றில் நிறுத்திவிட வேண்டும். அதற்குப் பிறகு எச்சம் இன்னும் குறைந்துகொண்டேதான் இருக்கும், படத்தில் புதிய புள்ளிகளும் முளைத்துக்கொண்டே இருக்கும், ஆனால் அந்தப் புள்ளிகளைத் தேடி மறுநாள் இரவு தொலைநோக்கியைத் திருப்பினால் அங்கே எதுவும் இருக்காது.